மஞ்சள் விமானத்தின் வயிற்றில் ஒரு கறுப்புக் கோடு

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்குங்க, எனக்கு வேண்டாம். பையை மேல வெக்கச் சொல்றீங்க, வெக்க மாட்டனுங்க. உள்ளார கேமரா இருக்குது. லென்ஸு மட்டும் ரெண்டு கிலோ. இந்த மலையிறக்கத்துல பஸ்ஸு ஒரு குலுக்கு குலுக்கினா முடிஞ்சுது. மடியிலயே இருக்கட்டும். மைசூர் வரைக்கும்தானுங்க.

நீங்க கண்டக்டர்கிட்டப் பேசினப்பவே தமிழுன்னு தெரிஞ்சுது. எஸ்டேட்ல வேலைங்களா? நல்லதுங்க. எனக்குக் கோயமுத்தூர். நாச்சிமுத்துன்னு பேரு. பம்பு செய்யற கம்பெனியில இன்ஸ்பெக்சன்ல இருக்கறேன். இரும்பு உருக்கி ஊத்தின வார்ப்படம் வந்தா அதுல வெடிப்பு இருக்குதா, ஓட்டை இருக்குதான்னு பார்த்துத் தள்ளறது என்ர வேலை. இருபத்தி மூணு வருசமாச்சு. மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் விட மாட்டேன். அது சோத்துக்கு.

கேமரா எதுக்குன்னா, ஏரோப்ளேன் படம் எடுக்கறதுக்கு. வேற ஒண்ணும் எடுக்க மாட்டனுங்க. கல்யாணம், கோயில், குருவி, எதுவுமே கிடையாது. எங்க விமானக் காட்சி நடந்தாலும் லீவு போட்டுட்டுப் போயிருவேன். சண்டை விமானம் வருதுன்னு வெய்யுங்க, அது சுலபம். வேகமா அமுக்கினா அப்படியே நிக்கும், ஊசி மாதிரி. கஷ்டம் எதுன்னா பழைய விமானம். முன்னாடி விசிறி சுத்தும் பாருங்க, அதை. வேகமா எடுத்தா விசிறி அசையாம நின்னு போயிரும், நூல்ல கட்டித் தொங்கவிட்ட பொம்மையாட்டம் இருக்கும். மெதுவா எடுக்கோணும். அப்ப என்ன ஆகும்? கை கொஞ்சம் ஆடினாலும் மொத்தமும் கலங்கிப் போயிரும். மூச்சை அடக்கிட்டு, இடுப்பைத் திருப்பிக்கிட்டே விமானத்து கூடவே போகோணும். நூறு எடுத்தா ஒண்ணு தேறும். அந்த ஒண்ணுக்காகத்தான் வெயில்ல நிக்கறது.

எனக்கு ஒண்ணு தேறுச்சுங்க. ரெண்டு வருசத்துக்கு முந்தி. அதைத்தான் இப்ப மடிக்கேரியில கொண்டு போய்க் கொடுத்துட்டு வர்றேன்.

பெங்களூருக்கு அந்தப்பக்கம் ஒரு தனியார் ஓடுதளம். பழைய விமானங்களைப் பறக்க வெக்கறதுக்குன்னு ரிட்டயரான ஏர்போர்ஸ்காரங்க சிலபேர் சேர்ந்து டிரஸ்ட்டு ஒண்ணு நடத்திட்டு இருந்தாங்க. அவங்ககிட்ட ஒரு ஹார்வர்டு இருந்துச்சு. அந்தக் காலத்துல பைலட்டுங்களுக்குப் பழகிக் கொடுத்த விமானம். மூக்குலயிருந்து வாலு வரைக்கும் மஞ்சள். சாமந்திப்பூ மஞ்சள்னு வெச்சுக்குங்க. அதை ஓட்டறவரு பெள்ளியப்பான்னு குடகுக்காரர், டிரஸ்ட்டுக்குத் தலைவரும் அவரேதான். அதைப் பார்த்துக்கற மெக்கானிக்கு வேதமாணிக்கம். திருச்செந்தூருக்குப் பக்கத்துல நாசரேத்துக்காரர். அவரும் ஏர்போர்ஸ்ல இருந்து ரிட்டயரானவர்தான், அப்பவே அறுபது தாண்டியிருக்கும்.

காட்சிக்கு முந்தின நாள் நான் வேலிக்கு வெளியே நின்னு எட்டி எட்டிப் பார்த்துட்டு இருந்தேன். அவரேதான் வந்து, "தமிழாளா? உள்ள வாங்க சார், அங்க நின்னா என்ன தெரியும்"னு கூட்டிட்டுப் போனாரு. ஷெட்டுக்குள்ள உக்கார வெச்சு டீ வாங்கிக் கொடுத்தாரு. எந்தப் பக்கத்துல இருந்து வெளிச்சம் வரும், பெள்ளியப்பா சார் எங்க திரும்புவாரு, எங்க சாய்ப்பாரு, எல்லாம் கையிலயே விமானம் மாதிரி வெச்சு ஓட்டிக் காமிச்சாரு. "இந்த மூலையில நில்லுங்க சார். முதல் சுத்துல வயித்தைக் காட்டிக்கிட்டு உங்களுக்கு நேரா வருவாரு"ன்னாரு. எனக்கு அவரு யாருங்க? ஒருத்தருமில்ல. எனக்காக அத்தனை சொன்னாரு.

மறுநாள் அந்த மூலையிலதான் நின்னேன். அவரு சொன்ன மாதிரியே வந்துச்சு. சாஞ்சு, வயித்தைக் காட்டிக்கிட்டு, முகத்துல வெயிலோட. பதினாலு படம் எடுத்தேன். ஒன்பதாவது படம், அந்த ஒண்ணு. விசிறி முழு வட்டமாச் சுத்துது, உள்ளார பெள்ளியப்பா சாரோட மீசை தெரியுது, ஒவ்வொரு ஆணியும் எண்ணலாம். அப்படியொரு படம் இனிமே எனக்கு அமையாதுங்க.

மூணாவது சுத்துல எஞ்சின் நின்னு போச்சு.

சத்தம் இருந்துட்டே இருக்குதுங்க, பட்டுன்னு அத்துப் போச்சு. அத்தனை சனமும் ஒரே சமயத்துல வாயை மூடிருச்சு. விமானம் ஓடுதளத்துக்கு வர முடியாம அந்தப்பக்கம் ராகிக்காட்டுல இறங்கி, வரப்புல மோதி, மூக்குக் குத்திக் கவுந்துச்சு. வேதமாணிக்கம் ஓடினாருங்க. அந்த வயசுல, ஒத்தைச் செருப்போட. நான் என்ன பண்ணினேன்னு கேக்கறீங்களா? எடுத்துட்டு இருந்தேன். எல்லாருந்தான் எடுத்தாங்க.

பெள்ளியப்பா சார் உசுரோட வந்துட்டாரு. முதுகெலும்புல அடி. இடுப்புக்குக் கீழ அசைவில்லீங்க. இன்னைக்கு வரைக்கும் சக்கர நாற்காலிதான்.

சரி, இப்பத்தான் என்ர கதைக்கு வர்றேன்.

ஊருக்கு வந்து அந்த ஒன்பதாவது படத்தைக் கம்ப்யூட்டர்ல பெரிசு பண்ணிப் பார்க்கறேன். வயித்துல ஒரு கறுப்புக் கோடு. எஞ்சினுக்கு அடியில தொடங்கி வாலு வரைக்கும் ஒழுகியிருக்குது. மஞ்சள் மேல கறுப்பு, பார்க்கவே அசிங்கமா இருந்துச்சு. அழிச்சுட்டனுங்க. அதுக்கு மென்பொருள் இருக்குது, துணியில கறை எடுக்கற மாதிரிதான். அரை மணி நேரம். அழிச்சது தெரியவே தெரியாது, அத்தனை சுத்தமா இருந்துச்சு. ஒரு பெரிய போட்டிக்கு அனுப்பினேன். முதல் பரிசு கிடைச்சுது. 'கடைசிப் பறத்தல்'னு தலைப்பு வெச்சேன். பத்திரிகையில முழுப்பக்கம். கம்பெனியில கைதட்டினாங்க. போட்டியில ஒரு விதி இருக்குதுங்க, படத்துல எதையும் சேர்க்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. எல்லாரும் கொஞ்சம் தொடைக்கறதுதான். வானத்துல தூசி இருந்தா எடுக்க மாட்டோமா? அந்த மாதிரிதான்னு நெனச்சேன். அது என்ன கோடுன்னு எனக்குத் தெரியாதுங்க.

தெரியாதுன்னா...

இல்லீங்க, தெரியும். இருபத்தி மூணு வருசம் பம்பு பார்க்கறவனுக்கு எண்ணெய் ஒழுகறது தெரியாம இருக்குமா? பார்த்த உடனே தெரிஞ்சுது. ஆனா பழைய எஞ்சின்னா ஒழுகத்தான் செய்யும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

பரிசு வந்து ஒரு மாசம் இருக்கும். டிரஸ்ட்டுல விசாரணைக் கமிட்டி போட்டு, அன்னைக்குப் படம் எடுத்த எல்லாருக்கும் கடுதாசி அனுப்பினாங்க. அசல் படம் வேணும், கேமராவுல பதிஞ்சது பதிஞ்சபடி. விசயம் என்னன்னா, எஞ்சின்ல இருந்த எண்ணெய் முழுக்க வெளிய போயிருக்குது, அதனாலதான் இறுகி நின்னுருக்குது. எந்த வழியாப் போச்சு? ரெண்டே வழி. ஒண்ணு மேல எண்ணெய் ஊத்தற மூடி, அதைப் பறக்கறதுக்கு முன்னாடி திருகி மூடறது வேதமாணிக்கம். இன்னொண்ணு எஞ்சினுக்கு அடியில இருக்கற பைப்பு. நொறுங்கின விமானத்துல மூடியும் தனியாக் கெடந்துச்சு, பைப்பும் ஒடஞ்சு கெடந்துச்சு. மோதினதுல எது போச்சு, முந்தியே எது போச்சுன்னு சொல்ல முடியல. மத்தவங்க படமெல்லாம் அந்தப்பக்கமிருந்து எடுத்தது. வயிறு தெரியற மாதிரி எடுத்தவன் நான் ஒருத்தந்தான்.

நான் என்ன பண்ணோணும்? அசலைக் கொடுக்கோணும். கொடுத்தா அழிச்சது வெளிய வரும், பரிசு போயிரும். 'அசல் இல்லீங்க, கார்டைத் தொடைச்சுட்டேன், பத்திரிகையில வந்த இந்தப் படம்தான் இருக்குது'ன்னு எழுதி, கோட்டை அழிச்ச படத்தை அனுப்பிட்டேன்.

அனுப்பின வாரத்துல வேதமாணிக்கம் போன் பண்ணினாரு.

"சார், உங்க படத்தைக் கமிட்டியில காட்டினாங்க. வயிறு சுத்தமா இருக்கு, பைப்பு ஒழுகலங்காங்க. நீங்க நேர்ல பாத்தவரு. கேமராவுல வேற எதுவும் பதிஞ்சிருக்கா? எண்ணெய் மாதிரி, கசிவு மாதிரி, ஏதாச்சும்?"

"இல்லீங்களே"ன்னேன்.

"நல்லாப் பாத்தீங்களா சார்?"

"பார்த்தனுங்க. சுத்தமா இருந்துச்சு."

அப்புறம், "அப்ப நான்தான் மூடியைச் சரியாத் திருகலபோல"ன்னாரு. எங்கிட்டச் சொல்லலீங்க, அவருக்கு அவரே சொல்லிக்கிட்டாரு. "சரி சார், சிரமம் கொடுத்துட்டேன்"னு வெச்சுட்டாரு.

அறிக்கை வந்துச்சு. என்ர படம் பின்னிணைப்புல இருக்குது, கீழ என்ர பேரோட. நல்லாத் தெளிவா அச்சடிச்சிருந்தாங்க, அதையும் சொல்லோணும். முதல் சுத்துல வயித்துல கசிவு இல்ல, ஆகவே மூடி சரியா மூடப்படல, மெக்கானிக்கோட கவனக்குறைவு. முப்பத்தெட்டு வருசம் விமானத்தைத் தொட்டவரை ஒரு பக்கத்துல முடிச்சுட்டாங்க. வேலை போச்சு. ரிட்டயரான ஏர்போர்ஸ்காரங்க சங்கத்துல வீட்டு விசேசத்துக்குக் கூப்பிடறதும் நின்னு போச்சு.

நான் அடுத்த வருசமும் காட்சிக்குப் போனனுங்க. போகாம இருக்க முடியல. ரபேல் வந்துச்சு, சுகோய் வந்துச்சு, எடுத்தேன். பழைய விமானம் வந்தா மட்டும் வயித்தைத்தான் மொதல்ல பார்ப்பேன்.

இந்தத் தை மாசம் ஒரு காட்சியில, டீக்கடையில கோபிநாத்துன்னு ஒருத்தரைப் பார்த்தேன். அந்த ஷெட்டுல வேதமாணிக்கத்து கூட வேலை பார்த்தவரு. "அண்ணன் எப்படி இருக்காரு?"ன்னு சும்மா கேட்டு வெச்சேன். அவரு டம்ளரைக் கீழ வெச்சுட்டுச் சொன்னாரு: "ஊர்லதான் இருக்காரு. ஸ்பேனரைக் கையில தொடறதில்ல. வீட்டுக் குழாய் ஒழுகினாக்கூட ஆள் விட்டுத்தான் மூடச் சொல்றாரு. கேஸ் குமிழை மூடிட்டு வந்து மறுபடியும் போய்ப் பார்ப்பாரு, மறுபடியும் போவாரு. சர்ச்சுக்குக் கிளம்பினா பாதி வழியில திரும்பிருவாரு, கதவைப் பூட்டினேனா இல்லையான்னு. தன் கையையே நம்பறதில்லைங்க அந்த மனுசன்."

அதுக்கப்புறம் நான் அங்க நிக்கலீங்க. காட்சி மதியத்துக்கு மேலதான். நிக்காம வந்துட்டேன்.

வேலை போச்சுன்னப்பகூட நான் என்ன நெனச்சேன் தெரியுங்களா? அறுபது வயசுக்கு மேல எப்படியும் வீட்டுல உக்கார வேண்டியதுதானேன்னு நெனச்சேன். ஆனா இது வேற மாதிரிங்க. ஒரு மனுசன் கையை அவனுக்கே ஆகாததாப் பண்ணிட்டேன். அசல் எங்கிட்ட இருந்துச்சுங்க. ரெண்டு வருசமா ஹார்டு டிஸ்க்குல இருந்துச்சு. அழிக்கல. ஏன் அழிக்கலைன்னு கேட்டா, நல்ல படமுங்க அது. அழிக்க மனசு வரல.

பிரிண்டு போட்டு எடுத்துட்டு நாசரேத்துக்குப் போனேன். காலையில பத்து மணி. வாசல்லயே நின்னாரு. "சார்! கோயமுத்தூர் சார்!"னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. நான் உக்காரக்கூட இல்ல, படத்தை நீட்டினேன். எப்படிச் சொல்லோணும்னு ரயில்ல பத்து விதமா யோசிச்சு வெச்சிருந்தேன், ஒண்ணும் வாயில வரல. "இதுதாங்க அசல். நான் அழிச்சுட்டேன்"னேன். அவ்வளவுதான்.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாரு. ஜன்னல்கிட்டப் போய்ப் பார்த்தாரு. விரலை அந்தக் கோட்டு மேல வெச்சு, வாலுல இருந்து முன்னாடி வரைக்கும் இழுத்துட்டே வந்து, எஞ்சினுக்கு அடியில நிறுத்தினாரு. "பைப்பு"ன்னாரு. "பைப்புதான். அப்ப நான் மூடியிருக்கேன்." அப்புறம் கட்டில்ல உக்காந்துட்டாரு. மறுபடியும், "நான் மூடியிருக்கேன்"னாரு. அழுதாருங்க. சத்தமே இல்ல, தோள் மட்டும் குலுங்குச்சு.

அவரு மக பிரிசில்லா, ஆஸ்பத்திரியில நர்சு. அந்தப் பொண்ணு எல்லாத்தையும் கேட்டுட்டு, அப்பாவுக்குத் தண்ணி கொடுத்துட்டு, எங்கிட்ட வந்து நின்னுச்சு. "அண்ணாச்சி, இதை எங்க அப்பாகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தீங்களா?"ன்னு கேட்டுச்சு. உண்மையைச் சொன்னா, அப்படித்தான் வந்தேன். "உக்காருங்க. கமிட்டிக்கு எழுதுங்க. போட்டி நடத்தினவங்களுக்கும் எழுதுங்க. இங்கயே எழுதி அனுப்பிட்டுத்தான் எந்திரிக்கணும்"னுச்சு. எழுதினேன். என் போன்லதான், எதுர்ல நின்னு ஒவ்வொரு வரியாப் படிச்சுப் பார்த்துச்சு. 'தவறுதலாக'ன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தேன். "அதை எடுங்க"ன்னுச்சு. எடுத்தேன்.

போட்டிக்காரங்க நாலே நாள்ல பதில் போட்டுட்டாங்க. பரிசு ரத்து. அதோட விட்டாங்களா? அவங்க வலைத்தளத்துல என்ர பேரைப் போட்டு, பக்கத்துல 'தகுதி நீக்கம்'னு சிவப்பெழுத்துல போட்டிருக்காங்க. அவ்வளவு பெரிசாப் போடோணுமுங்களா? நானாத்தானே சொன்னேன்? கமிட்டிக்காரங்க, அறிக்கையைத் திருத்தறோம், அசலைப் பதிவுத் தபால்ல அனுப்புங்கன்னாங்க. அனுப்பிட்டேன். போன வாரம் திருத்தின தாளு வேதமாணிக்கம் வீட்டுக்கு வந்துருச்சு.

அதோட முடிஞ்சுதுன்னு இருந்தேன். அவரு போன் பண்ணினாரு. "சார், மடிக்கேரிக்கு எங்கூட வரணும் நீங்க"ன்னாரு. எதுக்குங்கன்னேன்.

"அந்த மொத அறிக்கை வந்த உடனே பெள்ளியப்பா சார் வீட்டுக்குப் போயி அவர் கால்ல விழுந்தேன் சார். அசையாத கால்ல விழுந்தேன். 'மாணிக்கம், மன்னிச்சுட்டேன்'னாரு. செய்யாத தப்புக்கு வாங்கின மன்னிப்பு அது. எனக்கு வேண்டாம். திருப்பிக் கொடுக்கணும்."

மைசூர்ல ரெண்டு பேரும் சந்திச்சு, இன்னைக்குக் காலையிலதான் இதே மாதிரி ஒரு பஸ்ஸுல ஏறிப் போனோம். அவருக்கு வளைவு ஒத்துக்கல, முன்சீட்டுல எலுமிச்சம்பழத்தை மோந்துட்டே வந்தாரு. எங்கிட்ட ரொம்பப் பேசல. கோபமாவும் ஒரு வார்த்தை பேசல. நாலு வார்த்தை திட்டியிருந்தா நல்லா இருந்திருக்குமுங்க.

பெள்ளியப்பா சார் வீடு காப்பித் தோட்டத்துக்கு நடுவால. தாம்பரம் ஏர்போர்ஸ்ல வருசக்கணக்கா இருந்தவரு, தமிழ் நல்லாவே பேசறாரு. மீசை நரைச்சுப் போச்சு. படத்தை மேசை மேல வெச்சு, நடந்ததைச் சொன்னேன். அவரு எங்கிட்ட ஒரே கேள்வி கேட்டாரு. "ஏன் அழிச்சீங்க?"

"மஞ்சள் மேல அசிங்கமாத் தெரிஞ்சுது சார்."

தலையை ஆட்டினாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் அந்த ரூம்ல இருக்கறதையே மறந்துட்டாரு. படத்தையே பார்த்துட்டு இருந்தவரு, "பைப்பு பழசுன்னு நீ நோட்டுல எழுதியிருந்தே, மாணிக்கம்"னாரு.

"ஆமா சார்."

"மாத்தணும்னு எங்கிட்டச் சொன்னே."

"சொன்னேன் சார்."

"நான்தான் ஷோ முடியட்டும்னு சொன்னேன்."

வேதமாணிக்கம் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு.

"நீ இங்க வந்து அழுதியே, அன்னைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? உன்மேல தப்புன்னு ஆயிட்டா, என்மேல இல்லைன்னு ஆயிரும். அதான் உடனே மன்னிச்சேன். பெரிய மனுசன் மாதிரி மன்னிச்சேன்." பெள்ளியப்பா சார் சுவத்துப் பக்கம் கையைக் காமிச்சாரு. "அந்தப் பைப்பு என் ஞாபகத்துக்கு வராத நாளே இல்ல. இந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, கசிவு இல்ல, கசிவு இல்லன்னு சொல்லிக்குவேன்."

எந்தப் படத்தைங்கறீங்க? என்ர படத்தைத்தான். அழிச்ச படம். அவரு கட்டிலுக்கு எதுர்ல சுவத்துல மாட்டியிருந்தாரு.

வேதமாணிக்கம் எந்திரிச்சுப் போயி அதைக் கழட்டி, சுவத்துப் பக்கம் திருப்பிக் கீழ வெச்சாரு. அப்புறம் ஸ்டூலை இழுத்து நாற்காலிக்குப் பக்கத்துல போட்டு உக்காந்தாரு. "சார், பைப்பு இங்கன வளைவுலதான் விட்டிருக்கணும்"னு அசல் படத்துல விரலை வெச்சாரு. "இந்தக் கோடு தொடங்குத இடத்தைப் பாருங்க." அவரும் குனிஞ்சாரு. ரெண்டு பேரும் ஏதோ ஷெட்டுக்குள்ள இருக்கற மாதிரி பேச ஆரம்பிச்சுட்டாங்க. பாதி இங்கிலீசு, பாதி இந்தி. நடுவால பெள்ளியப்பா சார் அவரு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. அந்த மூடி போட்ட கையை.

நான் சொன்னா நீங்க தப்பா நெனைப்பீங்க. ஜன்னல்ல இருந்து வெளிச்சம் வந்துச்சு பாருங்க, மழை விட்ட வெளிச்சம், மெத்துன்னு. ரெண்டு நரைச்ச தலை, ஒரு படம், பிடிச்ச கை. என்ர வாழ்க்கையில மனுசங்களை எடுக்கோணும்னு தோணினதே அப்பத்தான். கையே பையைத் திறந்துருச்சுங்க. "அண்ணா, ஒரே ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"ன்னு கேட்டுட்டேன்.

வேதமாணிக்கம் நிமிந்து என்னைப் பார்த்தாரு. வேலியோரம் நின்னவனை உள்ள கூப்பிட்ட மனுசன். எனக்கு அவரு எதையுமே மறுத்ததில்ல.

"வேண்டாம் சார்"னாரு. "நீங்க கிளம்புங்க. நான் ரெண்டு நாள் இருந்துட்டு வாறேன்."

மூடியைப் போட்டு, கேமராவை உள்ள வெச்சு, ஜிப்பை இழுத்தேன். அந்தச் சத்தம் அந்த ரூமுக்கு ரொம்பப் பெரிசா இருந்துச்சுங்க. போயிட்டு வர்றனுங்கன்னு சொன்னேன். ரெண்டு பேர் காதுலயும் விழல.